ஸ்கிரீனைத் தாண்டியபின் வரும் இரண்டு டிரிபிள்

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

மாவட்டப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பையன்களைத் தேர்வு செய்யும் நேரம். நம்ம பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் சாயங்காலம் கம்போங் பாருத் திடலில் சீனப் பையன்களோடு விளையாடியே வளர்கிறார்கள். வேகத்துக்கும் பந்துப் பிடிக்கும் குறைவில்லை. பிக் அண்ட் ரோல் என்றால், பந்து வைத்திருக்கும் கார்டின் காவல் ஆளை நம் பெரிய பையன் உடலால் மறித்து (அதுதான் ஸ்கிரீன்), பிறகு கூடைப் பக்கம் ஓடுவது (ரோல்). ஆனால் 15 வயதுப் பாயிண்ட் கார்டின் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) பிக் அண்ட் ரோலை மதிப்பிடச் சொன்னால் புள்ளியையும் அசிஸ்டையும் (புள்ளியாக மாறிய பாஸ்) எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். ரோல் போகிறவன் லே-அப்பை (கூடையருகே ஓடிப் போடும் எறிதலை)க் கோட்டைவிட்டால் அசிஸ்ட் கணக்கில் வராது. கொடுத்த பாஸ் அப்போதும் நல்ல பாஸ்தான். பக்கத்திலிருக்கும் நாலு பேரின் கைத்திறனைக் கார்டின் கணக்கில் எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். முதலில் என் பங்கு.

பாதி விஷயம் ஸ்கிரீனுக்கு முன்பே தெரிந்துவிடும். ஸ்கிரீன் வலப்பக்கம் வருகிறதென்றால், நல்ல கார்ட் இடப்பக்கம் ஒரு அடி உண்மையாகவே போவான். காவல் ஆள் அந்தப் பக்கம் எடை மாற்றியதும் திரும்பி, ஸ்கிரீன் போட்டவனின் இடுப்பில் தன் தோள் உரச வெளியே வருவான். நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டால் ஸ்கிரீன் போட்டும் பயனில்லை. காவல் ஆள் அந்தச் சந்தில் புகுந்து கூடவே வந்துவிடுவான்.

அடுத்து இரண்டு டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டுவதை) எண்ணுங்கள். மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர். ஃப்ரீ த்ரோ கோடு (தடையின்றி எறிய நிற்கும் கோடு) அதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உள்ளே. ஸ்கிரீனைத் தாண்டிய இரண்டாவது டிரிபிளில் பையன் அந்தக் கோட்டை எட்டியிருக்க வேண்டும். பக்கக் கோட்டை நோக்கி நகர்ந்திருந்தால் ஸ்கிரீனால் கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிட்டது. இங்கே பார்க்கும் பையன்களில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். கால் வேகமாக ஓடும், கூடைக்கும் பந்துக்கும் உள்ள தூரம் குறையாது.

நடுவர், ஈப்போ:

கோச் சொன்ன "முன்பே தெரிந்துவிடும்" என்பதோடு ஒன்று சேர்க்கிறேன். நகரும் ஸ்கிரீனுக்கு விசில் ஊதினால் ஃபவுல் பெரிய பையன் பெயரில் விழும். குற்றம் பல நேரம் கார்டினுடையது. தொடர்பு ஏற்படும்போது ஸ்கிரீன் போடுகிறவன் அசையாமல், இரண்டு காலும் தரையில், தன் உடலகலத்துக்குள் நிற்க வேண்டும். எதிராளியின் பார்வைக்கு வெளியே நின்றால் அவனுக்கு ஓர் இயல்பான அடி இடம் விட வேண்டும். எதிராளி ஓடிக்கொண்டிருந்தால் ஓரிரு அடி. கார்ட் அரை விநாடி முந்திக் கிளம்பினால் பெரியவன் கால் ஊன்றாமலே மோத நேரும். ஆகவே ஸ்கிரீன் ஃபவுல்களைக் குறிக்கும்போது "கார்ட் காத்திருந்தானா" என்றும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே கார்டோடு ஆடும் இரண்டு வேறு பெரியவர்கள் இதே ஃபவுலைச் செய்தால், திருத்த வேண்டியவன் யார் என்பது தெளிவு.

உதவிப் பயிற்றுநர், கோலகங்சார்:

என் கண் பந்தில் நிற்காது, ஸ்கிரீன் போட்டவனைக் காக்கும் ஆளின் முன்காலில் நிற்கும். பையன் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். அந்தப் பெரிய ஆள் எப்படிக் காக்கிறான் என்று தனித்தனியாகப் பிரிக்காமல் "நல்லா ஆடினான்" என்று எழுதுவதில் பொருளில்லை.

நம் பள்ளி ஆட்டங்களில் அதிகம் காண்பது டிராப். எதிரணிப் பெரியவன் பின்வாங்கி, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே காத்திருப்பான். இங்கே வேகம் கெடுதல் செய்யும். கார்ட் வேகத்தைக் குறைத்து, துரத்தி வருகிற தன் காவல் ஆளை முதுகில் தாங்கிக்கொள்ள வேண்டும். அவனை முன்னே வரவிடாத வரை எதிரே ஒருவன், நம் பக்கம் இருவர். பெரியவனின் முன்கால் பந்துப் பக்கம் வந்தால் ரோலுக்குப் பாஸ். ரோலோடு பின்னே போனால் ஃப்ளோட்டர் (ஓடியபடி உயரத் தூக்கி விடும் எறிதல்) அல்லது நின்ற இடத்தில் ஷாட். துரத்துகிறவன் பக்கவாட்டில் நெருங்கினால் பந்தை மறுகைக்கு மாற்றி அவன் பாதையைக் குறுக்கே வெட்டி, மறுபடி முதுகுக்குத் தள்ளலாம். 15 வயதில் இதைச் செய்கிற பையன் கிடைத்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஹெட்ஜ் என்றால் பெரியவன் ஓரிரு விநாடிக்கு வெளியே பாய்ந்து வழிமறிப்பான். பயந்த கார்ட் அவன் முகத்துக்கு எதிரே பந்தைக் கையில் எடுத்துவிடுவான், அதோடு முடிந்தது. தெரிந்தவன் இரண்டு டிரிபிள் பின்னே போய் அவனை இன்னும் வெளியே இழுப்பான். ரோலுக்கு நேரே வழியில்லை என்றால் மேலே நிற்கும் மூன்றாம் ஆளுக்குத் தள்ளி, அவன் வழியாக உள்ளே அனுப்புவான். அந்தப் பாஸ் அசிஸ்ட் கணக்கில் வரவே வராது. தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

இருவரும் கார்டையே பொறியில் பிடிக்க வந்தால், அவர்கள் சேர்வதற்கு முன்பே பந்து போய்விட வேண்டும். ஸ்கிரீன் போட்டவன் கூடைவரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று வாங்கினால் அங்கிருந்து நாலுக்கு மூன்று. ஆளை மாற்றிக்கொள்ளும் சுவிட்சில் அவசரப்பட்டு மூன்று புள்ளி எறிவதுதான் வழக்கமான தவறு. முதலில் உள்ளே குட்டை ஆளை முதுகில் வைத்து நிற்கும் நம் பெரியவனைப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பின்வாங்கி இடம் உண்டாக்கி, மெதுவான பெரிய காவல் ஆளைத் தாக்க வேண்டும். காவல் ஆள் ஸ்கிரீனுக்கு அடியால் (கூடைப் பக்கமாக) போனால் ஷாட் எடுக்கத் துணிகிறானா, இல்லை கூடைக்கு இன்னும் நெருங்கி மறு ஸ்கிரீன் கேட்கிறானா என்று பாருங்கள். இரண்டும் சரி. ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் தவறு.

பெண்கள் அணி ஆசிரியை, சுங்கை சிப்புட்:

சார் இரண்டு காவல் ஆட்களைப் பற்றிச் சொன்னார். என் கவனம் மூன்றாவது காவல் ஆள்மீது. எதிர்ப்பக்க மூலையில் நிற்பவர், ரோல் போகும் பெரியவரைத் தடுக்கப் பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னால் கோடிட்ட பகுதி) ஒரு அடி வைப்பார். அந்த அடி விழுந்ததும் மூலை காலி. பந்து அந்த மூலைக்கு நேர்கோட்டில், எறிபவரின் நெஞ்சுக்கு வர வேண்டும். வளைந்து தூக்கிப் போட்ட பாஸ் போய்ச் சேருமுன் காவல் ஆள் திரும்பிவிடுவார். டிரிபிளிலிருந்தே ஒற்றைக் கையால், இடக்கையாலும், அதை அனுப்ப முடிகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். 15 வயதில் கைவலு போதாமல் இருக்கலாம். மூலையைப் பார்த்தும் பந்து போய்ச் சேரவில்லை என்றால் அது உடல் வளர்ந்தால் தீரும். பார்க்கவே இல்லை என்றால் அது வேறு குறை.

இதனால்தான் 3x3 (மூவருக்கு மூவர்) ஆட்டத்தை மட்டும் பார்த்து ஒரு கார்டை எடுக்காதீர்கள். அங்கே 12 விநாடிக்குள் எறிய வேண்டிய கடிகாரம், அரைத் திடல், உதவிக்கு வர மீதமிருப்பது ஒரே காவல் ஆள். மூலையிலும் மேலேயும் இருவர் மாறி மாறி உதவுவதைப் படிக்கும் திறன் அங்கே சோதிக்கப்படுவதே இல்லை.

திடலையும் கணக்கில் எடுங்கள். நாலு மணி மழைக்குப் பிறகு ஈரச் சிமெண்டில் தரையில் தட்டிக் கொடுக்கும் பாக்கெட் பாஸ் வழுக்கி ஓடும், பெயர்ந்த இடத்தில் பட்டால் திசை மாறும். தேய்ந்த ரப்பர் பந்தென்றால் இன்னும் மோசம். அந்தப் பாஸைப் பள்ளி டேவானில் (மண்டபத்தில்) பார்த்து மதிப்பிடுங்கள். கோடும் முக்கியம்: 2010-க்கு முன் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டர், பெயிண்ட் சரிவகம். அந்தப் பழைய பூச்சு அழியாத திடலில் எறிபவர்கள் அரை மீட்டர் உள்ளே நிற்பார்கள், உதவிக் காவலுக்குத் தூரம் குறைந்துவிடும், கார்டின் பாஸ் எல்லாம் நெரிசலாகத் தெரியும். சுண்ணாம்பால் புதுக் கோடு போட்டுவிட்டுப் பாருங்கள்.

உதவிப் பயிற்றுநர், கோலகங்சார்:

டீச்சர் கோடு பற்றிச் சொன்னது மிகச் சரி. பந்தை இழக்கும் விதத்தையும் பிரித்து எழுதுங்கள். டிரிபிளில் பறிகொடுத்தால் எதிரணிக்கு நேரே லே-அப். வெளியே போன பாஸ் அத்தனை கெடுதலில்லை, தற்காப்புக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். இந்த வயதில் இரண்டையும்விட ஆழமான பழக்கம், எங்கே கொடுப்பது என்று முடிவாகாமல் காற்றில் குதித்துவிடுவது. அமெரிக்க என்பிஏ லீக்கில் ஆடிய கார்ட் ஸ்டீவ் நாஷ் பெயிண்டுக்குள் வழி அடைபட்டால் டிரிபிளை விடாமல் கூடைக்கு அடியால் மறுபக்கம் வெளியே வந்துவிடுவார்; 2005, 2006 என அடுத்தடுத்து எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவர். உயரம் குறைவு என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு ஜான் ஸ்டாக்டனைக் காட்டலாம். 185 செண்டிமீட்டர்தான், கார்ல் மலோனோடு யூட்டா ஜாஸ் அணியில் இதே ஆட்டத்தை ஆடி, என்பிஏ வாழ்க்கையில் 15,806 அசிஸ்ட்.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

எல்லாவற்றையும் சேர்த்து இப்படித் தாள் போடுகிறேன். ஒவ்வொரு பிக் அண்ட் ரோலுக்கும் ஒரு வரி: எந்தப் பக்கம், எந்தக் காவல், முடிவு சரியா, செயல் சரியா, கடைசியில் என்ன ஆனது. முடிவையும் செயலையும் ஒரே கட்டத்தில் போடக்கூடாது. ஓரத்தில் ஒருவர், எறிவதற்குள்ள 24 விநாடியைக் கடிகாரத்தில் பிடித்துக் குரல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பையன் ஒரே தாக்குதலில் நாலு ஸ்கிரீன் கேட்டு வாங்குவான். எத்தனை முறை பார்த்தால் போதும்?

உதவிப் பயிற்றுநர், கோலகங்சார்:

வலப்பக்கம் 20, இடப்பக்கம் 20 கோச். ஆட்டத்தில் இடப்பக்கம் அத்தனை வராது, வலக்கைப் பிள்ளைகள் தானாகவே தவிர்த்துவிடுவார்கள். பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து வைத்து, ஸ்கிரீன் இடப்பக்கம் மட்டும்தான் என்று கட்டாயப்படுத்திப் பாருங்கள். காவல் முறையைத் தற்காப்பு அணிக்கு மட்டும் காதில் சொல்லுங்கள், ஐந்து முறைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாறிய பிறகு முதல் முறை தவறினால் பரவாயில்லை. இரண்டாவது முறை என்ன செய்கிறான் என்பதைத் தடித்த எழுத்தில் குறியுங்கள்.