ஆறு வயதுப் பையனுக்கு அடுத்தவர் மேல் அக்கறை வர என்ன செய்யலாம்?

கேள்வி:
நேற்று பூங்காவில் ஒரு சிறுமி ஊஞ்சலிலிருந்து விழுந்து அழுதாள். என் பையன் காலியான ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துகொண்டான். திட்டினேன், எதற்கென்றே அவனுக்குப் புரியவில்லை. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
திட்ட வேண்டாம் அக்கா. கனடாவின் ரயான் ரெல்ஜாக் கதையைச் சொல்லுங்கள். 1998-ல் அவனுக்கும் ஆறு வயதுதான். ஆப்பிரிக்காவில் பலருக்குக் குடிநீர் இல்லை என்று வகுப்பில் கேட்டு, வீட்டு வேலை செய்து 70 டாலர் சேர்த்தான். கிணற்றுக்கு 2,000 டாலர் வேண்டும் என்றார்கள். விடவில்லை. 1999-ல் உகாண்டாவில் ஒரு பள்ளிக்குக் கிணறு வந்தது. கதை கேட்ட என் மகள், "அதுவரைக்கும் அவங்க என்ன தண்ணி குடிச்சாங்க?" என்றாள்.

பதில் 2:
எங்கள் வீட்டில் பிடி அரிசிதான், அம்மா காலத்துப் பழக்கம். உலை வைக்குமுன் பேரன் ஒரு பிடி எடுத்துத் தூக்குவாளியில் போடுவான். மாதக் கடைசியில் தெருமுனையில் இஸ்திரி போடும் பாட்டியிடம் அவனே கொடுப்பான். போன மாதம் அவர் கையில் சூட்டுக்காயம் இருந்ததை அவன்தான் வந்து சொன்னான். உடனே மருந்து வாங்கிக் கொடுத்தோம்.

கேட்டவர்:
இன்று அந்தச் சிறுமி வந்திருந்தாள், முழங்காலில் பிளாஸ்திரியோடு. "வலிக்குதான்னு கேட்டுட்டு வா" என்றேன். ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான். "கொஞ்சம் வலிக்குதாம்மா." அப்புறம், தூக்குவாளியும் எடுத்து வைத்துவிட்டேன்.