1910: நிற்காத ரயிலில் தபால் ஏற்றியது எப்படி?

கதைக்காரன்:
1910 வாக்கில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் நடக்கும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி சிகாகோவில் இருக்கும் அண்ணனுக்கு அவசரமாகக் கடிதம் போட வேண்டும். விரைவு ரயிலோ அந்த ஊரில் நிற்காது. உள்ளூர் வண்டி வரும்வரை கடிதம் காத்திருக்க வேண்டியதுதானா?

கரிவண்டி:
வேண்டாம், ஓடுகிற வண்டியிலேயே ஏற்றிவிடுவார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு கம்பம் இருக்கும். கான்வாஸ் பையை நடுவில் வாரால் இறுக்கி உடுக்கை மாதிரி ஆக்கி, அதில் மாட்டிவிடுவார்கள். ரயிலில் தபாலுக்கென்றே இருந்த பெட்டியின் கதவில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. அந்தப் பெட்டியில் வேலை பார்க்கும் தபால் எழுத்தர் சரியான நொடியில் அதை வெளியே திருப்பினால், பையின் இடுப்பு வந்து மாட்டிக்கொள்ளும். அந்த ஊருக்கு வந்த பையைக் காலால் உதைத்து வெளியே தள்ளுவார். சில சமயம் காற்று அதைச் சக்கரத்துக்கடியில் இழுத்துவிடும். அப்புறம் கடிதமெல்லாம் கந்தல்தான். (கதையில் ஒரு கடிதம் தொலைய வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது!) இருட்டில் வளைவையும் பாலத்தின் ஓசையையும் வைத்தே எந்த ஊர் வருகிறதென்று கணிப்பார்கள். ஏறிய கடிதங்களை ஓட்டத்திலேயே ஊர்வாரியாகப் பிரித்தும் விடுவார்கள்.

கதைக்காரன்:
அருமை சார். பையை மாட்டுவது ஸ்டேஷன் ஏஜெண்ட்டா?

கரிவண்டி:
பெரும்பாலும் அதற்கென்று போஸ்ட் ஆபீஸ் அமர்த்திய ஆள். ஏஜெண்ட்டுக்கு டிக்கெட், சரக்கு எடை, தந்தி என்று வேலை தலைக்கு மேல் கிடக்கும். தண்டவாளப் பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னலில் உட்கார்ந்து, இரண்டு திசையிலும் ஒரு கண் வைத்தபடி தந்தி கேட்பார். நிற்காத வண்டிக்கு, தந்தியில் வந்த ஓட்ட உத்தரவை எழுதிய சீட்டைக் கம்பு வளையத்தில் செருகி நீட்டுவார். எஞ்சின்காரர் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கி, சீட்டை உருவிக்கொண்டு வளையத்தைக் கீழே வீசிவிடுவார். அது எங்கே விழுந்ததென்று தேடி எடுப்பது ஏஜெண்ட் பாடு.

இன்னொன்று: அண்ணனுக்குப் பெரிய பார்சல் தபாலில் போனதாக எழுதிவிடாதீர்கள். பார்சல் தபால் தொடங்கியது 1913 ஜனவரி 1இல். அதற்கு முன் எடை 4 பவுண்டைத் தாண்டினால், சரக்குகளைக் கொண்டுசேர்க்கும் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள்தான்.

மழைக்காகிதம்:
ஏஜெண்ட் ஆணாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? கேட் ஷெல்லியைப் படித்துப் பாருங்கள். 1881இல் வெள்ளத்தில் ஓடைப் பாலம் இடிந்த இரவில், டெமாய்ன் ஆற்றுப் பாலத்தைத் தவழ்ந்தே கடந்துபோய் ஸ்டேஷனில் தகவல் சொன்னவர். 1903இல் அதே அயோவாவின் மோயிங்கோனாவில் ஸ்டேஷன் ஏஜெண்ட் ஆனார். உங்கள் நாயகிக்கே அந்த வேலையைக் கொடுக்கலாமே!