இரவும் காடும் கலந்த பெண் குழந்தைப் பெயர் சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. 60 நாளுக்குள் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவிலாகாவில்) பதிய வேண்டும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரவு, இருள், காடு என்று கொஞ்சம் அமானுஷ்யமாக ஒலிக்கும் பெயர்கள்தான் பிடிக்கின்றன. யாமினி சமஸ்கிருதம், லைலா அரபு. இரண்டுக்கும் இரவுதான் பொருள். ஆனால் மனசு கொற்றவையிலேயே நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் எயினர் என்ற வேடர்கள் கும்பிடும் தெய்வம். யானைத்தோல் போர்த்தி, புலித்தோல் உடுத்தி, காட்டெருமையின் கருந்தலைமேல் நிற்பவள். எவ்வளவு கம்பீரம்! மாமியாரோ, "பச்சைப் பிள்ளைக்கு இவ்வளவு உக்கிரம் வேணாம்மா" என்கிறார். சரி, கருநிறத்தாள் என்ற பொருளில் மாயோள் வைக்கலாமா?

யாராவது பிள்ளைக்குக் கொற்றவை என்று வைத்திருக்கிறீர்களா? ரூமியில் (மலாய் எழுதும் ரோமன் எழுத்தில்) எப்படி எழுதினால் மலாய், சீன ஆசிரியர்கள் சரியாகக் கூப்பிடுவார்கள்? இதுபோல வேறு பழந்தமிழ்ப் பெயர் தெரிந்தால் பொருளோடு எழுதுங்கள்.