புலிகள் காப்பக மதிப்பெண்: அறிக்கையில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்?

மஸ்டர்ரோல்:
புலிகள் காப்பகங்கள் எவ்வளவு நன்றாக நிர்வகிக்கப்படுகின்றன என்று பார்த்து மார்க் போடும் 2022 மதிப்பீட்டில், 51 காப்பகங்களில் கேரளாவின் பெரியாறு 94.38 சதவீதம் வாங்கி முதலில் வந்தது. மொத்தம் 33 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5, 5, 7.5, 10 என்று நான்கே படிகள். பொருந்தாத கேள்வியை நீக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் சதவீதம் போடுவார்கள். அதனால் எந்தக் கேள்வியை நீக்கினார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 80 சதவீதம் வந்த காப்பகத்திலும் ஆள் பற்றாக்குறையால் ஊழியர் பற்றிய கேள்விக்கு 2.5 விழுந்திருக்கலாம், கூட்டுத்தொகையில் அது தெரியாது.

பீட்மேப்:
ரோந்துக்கும் அதேதான். காவலர்கள் நடந்த தடத்தைப் போனில் பதிவுசெய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி தரும் மாதாந்திர கிலோமீட்டர் கணக்கை நம்பி மார்க் போடாதீர்கள். தடங்களை வரைபடத்தில் ஏற்றினால் ஜீப் பாதையிலும் தீத்தடுப்புக் கோட்டிலும் கோட்டுக்கு மேல் கோடு விழுந்திருக்கும், எல்லையோர பீட் (ரோந்துக்காகப் பிரித்த காட்டுப் பகுதி) வெறுமையாகக் கிடக்கும். மழை மாதங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் வெறுமை என்றதும் காவலரைக் குறை சொல்லிவிடக் கூடாது. காவலர்கள் தங்கும் காட்டு முகாமில் சோலார் பழுதானால் போனில் சார்ஜ் இருக்காது, நடந்த நடை பதிவாகாது. நடக்கவில்லையா, பதிவாகவில்லையா? முகாம் நோட்டையும் அரிசி, பருப்பு ஏற்றிய தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக ரேஷன் போகாத முகாமில் ஐந்து பேர் தங்கியதாக எழுதியிருந்தால் அந்த நோட்டைச் சந்தேகப்படுங்கள்.

மஸ்டர்ரோல்:
அந்த ரேஷனுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் கூலிக்கும் பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டுத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஏப்ரலில் வேண்டிய பணம் நவம்பரில் வந்தால் தீக்காலம் முடிந்தே போயிருக்கும். பெரியாறின் பலமே இங்கேதான். 2004-லேயே தனி அறக்கட்டளை அமைத்துச் சுற்றுலா வருமானத்தைக் காட்டுக்கே திருப்பினார்கள். வயணா (காட்டு லவங்கம்) மரப்பட்டை உரித்துக் கடத்தியவர்களையே குழுவாக்கி, பயணிகளுக்கு வழிகாட்டவும் ரோந்து போகவும் வைத்தார்கள். பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006 திருத்தம் சேர்த்த 38எக்ஸ் பிரிவு எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் அறக்கட்டளை வேண்டும் என்றது. பல இடங்களில் அறக்கட்டளை பெயருக்குத்தான் இருக்கிறது. அதன் கேஷ் புக்கைக் கேளுங்கள்.

ஊர்க்கூட்டம்:
காப்பகத்துக்குள் இருக்கும் ஊர் இடம்பெயரச் சம்மதித்ததாகக் காட்டும் கிராமசபைத் தீர்மானத்தையும் விடாதீர்கள். வன உரிமைச் சட்டத்தின் 2012 விதித் திருத்தப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வருகைப் பதிவில் கையெழுத்துகளை எண்ணுங்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து வரிசையாக இருந்தால் அந்தக் கேள்விக்கு 10 போடக் கூடாது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் கொடுத்ததாகக் கணக்கு காட்டினால் புது ஊரில் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.