டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை: எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
என் மனைவிக்கு 36 வயது, மூன்றாம் மாதம். கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வளர்ச்சியும் அறிவும் மெதுவாகும் குரோமோசோம் கோளாறு) இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும் டபுள் மார்க்கர் சோதனை எடுக்கப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர் ஒருவர், "கடவுள் கொடுக்கிறதைச் சோதிச்சுப் பார்ப்பாங்களா?" என்று சண்டைக்கு வருகிறார். 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் மலையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். தெரியாமல் பெற்றுவிட்டுக் காலமெல்லாம் தவிப்பதைவிட முன்கூட்டியே தெரிவது நல்லது.

குன்னூர் அம்மா:
கட்டாயம் என்பதைத்தான் எதிர்க்கிறேன் தம்பி. என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 11 வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை, கோவையில் ஆபரேஷன் செய்தோம். பேச்சுப் பயிற்சிக்காகப் பர்லியாறு வழியாக வாராவாரம் கீழே இறங்கி ஏறினோம். கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று அவளே கடைக்குப் போய்ப் பால் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைக்கிறாள். நான் இரண்டாவது முறை கர்ப்பமானபோது, ரத்தம் எடுக்கும் முன்பே ஒரு டாக்டர், "இந்த மாதிரி இன்னொண்ணு வேண்டாம், பாசிட்டிவ்னா கலைச்சிடலாம்" என்றார். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும்.

கோத்தகிரிக்காரன்:
அவர் பேசியது கொடுமை அக்கா. ஆனால் உங்கள் தெம்பு எல்லோருக்கும் வருமா? நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கிற பெண் வாராவாரம் கோவை போக முடியுமா? பெற்றவர்கள் போன பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்? கருவில் பெரிய குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்க மருத்துவக் குழு அனுமதிக்கலாம் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமே சொல்கிறது.

மலைச்செவிலி:
சட்டம் இருக்கட்டும், ரிப்போர்ட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். "1:140, ஹை ரிஸ்க்" என்று வரும். உடனே குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி ரிப்போர்ட் வந்த 140 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும், 139 பேருக்கு இருக்காது. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை இன்னும் துல்லியம், ஆனால் அதுவும் இறுதி முடிவு இல்லை. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் 21-வது குரோமோசோம் மூன்றாக இருக்கிறதா என்று உறுதியாகும். அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. அதுவரை காத்திருக்காமல் முதல் ரிப்போர்ட்டோடு கலைக்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் அம்மா:
சோதனையே வேண்டாம் என்பது என் பேச்சு இல்லை. இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். முன்பே தெரிந்தால் கருவின் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்து, பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பயனை யார் சொல்கிறார்கள்? கொழுந்து பறிக்கிற பெண் கீழே போக முடியாதென்றால், பயிற்சி கொடுப்பவர் மேலே வரட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் காட்டிக் கேட்போம். பஸ் இல்லாத ஊர் என்பதற்காக ஒரு பிள்ளை பிறக்காமல் போகக் கூடாது.

கோத்தகிரிக்காரன்:
கேட்போம், சரி. அது எப்போது வந்து சேரும்? என் மனைவிக்கு 12 வாரம் முடிகிறது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளே சொல்கிறாள். வியாழக்கிழமை போகிறோம்.

குன்னூர் அம்மா:
அவள் கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும், போய் வாருங்கள். ஹை ரிஸ்க் என்று வந்தால், எப்போது கலைக்கலாம் என்பதற்கு முன்னால் இந்தப் பிள்ளை எப்படி வளரும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அவருக்குச் சொல்ல நேரமில்லை என்றால் மனைவியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அப்புறம் அவள் முடிவு.