பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குறுந்தலை ஹாம்ஸ்ட்ரிங்கில் சேருமா?

காட்பாடி மாணவி:
வணக்கம். நான் இயன்முறை மருத்துவம் படிக்கிறேன். பின்தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு நெடுந்தலை, குறுந்தலை என இரண்டு தலைகள் (தொடங்கும் பகுதிகள்) இருக்க, பின்தொடைத் தசைத்தொகுதியான ஹாம்ஸ்ட்ரிங் தசைகளைச் சொல்லும்போது குறுந்தலையைச் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். கீழே இரண்டும் ஒரே தசைநாணாகத்தானே முடிகின்றன? வாய்மொழித் தேர்வில் காரணத்தோடு சொல்ல வேண்டும், அன்புகூர்ந்து விளக்குங்கள்.

உடற்கூறியல் ஆசிரியர், வேலூர்:
முடியும் இடத்தை விட்டுவிட்டுத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள், அம்மா. நெடுந்தலை, பின்தொடையின் உட்பக்கத் தசைகளான செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ் ஆகிய மூன்றும், உட்காரும்போது நம் எடையைத் தாங்கும் இடுப்பெலும்புப் புடைப்பான இஸ்கியல் டியூபரோசிட்டியில் தொடங்கி, இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் கடப்பதால், தொடையைப் பின்னுக்கு நீட்டவும் முழங்காலை மடக்கவும் செய்கின்றன. குறுந்தலையோ தொடை எலும்பின் பின்புறத்து நீள்வரம்பான லீனியா ஆஸ்பெராவில் தொடங்குகிறது. இடுப்பு மூட்டோடு அதற்குத் தொடர்பே இல்லை. நரம்பும் வேறு: அந்த மூன்றுக்கும், பின்தொடை வழியே இறங்கும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பின் டிபியல் பகுதி, குறுந்தலைக்கு மட்டும் காமன் பெரோனியல் பகுதி. எனவே கண்டிப்பான வரையறைப்படி அது ஹாம்ஸ்ட்ரிங் அன்று. இரு தலைகளும் கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் தலையில் சேர்ந்து பொருந்துவதை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறு என்றே நான் கருதுகிறேன்.

இயன்முறை மருத்துவர், குடியாத்தம்:
ஐயா சொன்னதைத் தொட்டே பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னுக்கு இழுங்கள். முழங்கால் குழியின் வெளிப்பக்கம் கயிறுபோல் விறைப்பது பைசெப்ஸின் தசைநாண். உட்பக்கம் மெல்லியதாகப் புடைப்பது செமிடெண்டினோசஸ். வெளித் தசைநாணின் உள்ளோரமாகக் காமன் பெரோனியல் நரம்பு இறங்குவதால் அங்கே அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

பாலாற்று மணலிலும் கோட்டை மைதானத்திலும் ஓடிப் பழகும் பிள்ளைகளும் இதை அறிந்திருப்பது நல்லது: வேக ஓட்டத்தில் பெரும்பாலும் கிழிவது நெடுந்தலைதான். முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கி முழங்கால் நீளும்போது, இரு முனையிலும் இழுபட்டபடியே அது காலின் வேகத்தைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

காட்பாடி மாணவி:
மிக்க நன்றி. குறுந்தலையின் தனி நரம்பு நோயாளியைப் பரிசோதிக்கையில் எதற்காவது உதவுமா?

உடற்கூறியல் ஆசிரியர், வேலூர்:
நிச்சயம் உதவும். பாதம் தொங்கிப்போன ஒருவருக்கு நரம்பு நசுங்கியது ஃபிபுலாவின் கழுத்திலா (அதன் தலைக்குச் சற்றுக் கீழே), தொடையிலா என்ற ஐயம் எழும். முழங்காலுக்கு மேலே பெரோனியல் பகுதியிலிருந்து நரம்பு பெறும் ஒரே தசை குறுந்தலை என்பதால், ஊசி வைத்து அதன் மின் செயல்பாட்டைப் பார்க்கிறார்கள். அங்கே கோளாறு தென்பட்டால் பாதிப்பு ஃபிபுலாவின் கழுத்துக்கு மேலேயும் இருக்கிறது என்று தேட வேண்டும்.