ரேட்ஸ் பாக்கிக்காகக் கவுன்சில் ஏலம் விடும் நிலத்தை வாங்கலாமா? (நியூ சவுத் வேல்ஸ்)

வெஸ்ட்மீட்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சிட்னிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் வாடகை வீடுதான். போன வாரம் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றம்) தளத்தில் ஏல அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஐந்து வருடத்துக்கு மேல் ரேட்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் சொத்து வரி) கட்டாத இடங்கள் என்று இருபது சொச்சம் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சொந்தக்காரர் பெயர், லாட் நம்பர் (மனை எண்), பாக்கித் தொகை. அதில் ஒன்று கடற்கரைப் பக்கம், சிட்னியிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம், கிட்டத்தட்ட 700 சதுர மீட்டர் காலி மனை, பாக்கி 9,400 டாலர்தான். எங்கள் கையில் அறுபதாயிரம் வரை இருக்கிறது. இப்போது மனையை வாங்கிப் போட்டுவிட்டு நான்கைந்து வருடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று ஆசை.

எனக்குத் தெரியாதது நிறைய. அந்தப் பாக்கியைக் கட்டினால் நிலம் நம் பேருக்கு வந்துவிடுமா, இல்லை ஏலத்தில் மற்றவர்களோடு போட்டி போட வேண்டுமா? பழைய சொந்தக்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து பணத்தைக் கட்டித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? அவர் பேரில் பாங்க் கடன் இருந்தால் அது நம் தலையில் விழுமா? அப்புறம் இன்னொன்று, இது சட்டக் கேள்வி இல்லை. யாரோ ஒருத்தர் கஷ்டத்தில் பறிகொடுக்கிற நிலத்தை நாம் வாங்குவது சரியா என்று மனைவி கேட்கிறாள். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ரேட்ஸ் கிளார்க்:

இருபது வருடம் கவுன்சில் ஒன்றில் ரேட்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பாக்கித் தொகை வேறு, விலை வேறு. பாக்கியைக் கட்டினால் நிலம் கிடைக்கும் என்பது யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் சொல்லும் கதை, அங்கே வரிப் பாக்கியையே விற்கும் மாநிலங்கள் உண்டு. இங்கே 1993-ஆம் வருட உள்ளாட்சிச் சட்டம், 713-ஆம் பிரிவு. ரேட்ஸ் ஐந்து வருடத்துக்கு மேல் நின்றுபோனால் கவுன்சில் அந்த நிலத்தையே பொது ஏலத்தில் விற்கலாம். காலி மனை என்றால் ஒரு வருடம் தாண்டினாலே போதும், ஆனால் பாக்கி அந்த மனையின் மதிப்பையே தாண்டியிருக்க வேண்டும், அந்த மதிப்பை வேல்யூவர் ஜெனரலிடமிருந்து (மாநிலத்தின் நில மதிப்பீட்டு அதிகாரி) வாங்க வேண்டும். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குத்தான் போகும். ஏலத்தில் விலை போகாமல் நின்றால் பிறகு நேரடிப் பேச்சில் விற்கலாம். ஏல நாளைக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் முன்னாலேயே விளம்பரப்படுத்த வேண்டும், நிலத்தில் உரிமை உள்ளவர்களைத் தேடிப் பிடித்துத் தெரிவிக்க வேண்டும். ஏலம் தொடங்கும் நிமிடம் வரைக்கும் சொந்தக்காரர் முழுப் பணத்தையும் கட்டினாலோ, தவணையில் கட்டுகிறேன் என்று கவுன்சில் ஒத்துக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்தாலோ, விற்பனையை நிறுத்தியே ஆக வேண்டும். என் அனுபவத்தில் பட்டியலில் பாதிக்கு மேல் அப்படித்தான் கழன்றுபோகும். அதனால் ஒரே இடத்தின் மேல் மனதை வைத்துவிடாதீர்கள்.

விற்ற பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை இங்கே கிடையாது. பாங்க் கடன், பழைய ரேட்ஸ் எல்லாம் நீங்கித்தான் நிலம் உங்கள் கைக்கு வரும். ஆனால் வழி உரிமை, குழாய் கொண்டுபோகும் உரிமை (ஈஸ்மென்ட்), நிலத்தைப் பயன்படுத்துவதில் உள்ள கட்டுப்பாடு (கவனன்ட்) போன்றவை நிலத்தோடேயே இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். பாங்க் கடன் உள்ள நல்ல வீடு ஏலம் வரைக்கும் வருவது அபூர்வம், ஏனென்றால் பாங்கே ரேட்ஸைக் கட்டித் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். யாருமே காப்பாற்ற வராத நிலம்தான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் மிஞ்சும். ஏன் யாரும் வரவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

உங்கள் மனைவி கேட்டதற்கு: ஏலப் பணத்தில் கவுன்சில் முதலில் தன் செலவையும் பிறகு பாக்கியையும் எடுத்துக்கொள்ளும், மீதி பழைய சொந்தக்காரருக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் சேர வேண்டியது, கவுன்சில் அதைப் பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். நல்ல விலைக்குப் போனால் அவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். என் காலத்தில் வந்தவற்றில் பலது சொந்தக்காரர் இறந்துபோய் வாரிசு யாரென்றே தெரியாத நிலம். எல்லாமே அப்படி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

காணிக்காரன்:

தம்பி, நான் 2014-இல் இப்படி ஒரு காணி வாங்கினவன். எந்தக் கவுன்சில், எந்த இடம் என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் சொல்வது போலவே கடற்கரைப் பக்கம், சின்ன மனை. 17,000 டாலர். ஏலத்தில் எனக்கு எதிராக ஒரே ஒருவர்தான் கை தூக்கினார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வாங்கின பிறகுதான் பார்க்கப் போனோம். வரைபடத்தில் வீதிக்குப் பெயர் இருந்தது, நேரில் வீதியே இல்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, ஃபோனில் மேப்பைப் பார்த்துக்கொண்டு கம் (யூகலிப்டஸ்) மரங்களுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்தோம். கடைசியில் இலைச் சருகுக்குள் சர்வேக்காரர் அடித்த ஒரு பழைய மரக்கட்டை மட்டும் அகப்பட்டது, உச்சியில் வெள்ளைப் பூச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. சரி, சோலார் போடலாம், டாங்க் வைக்கலாம் என்று கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்தால், அந்தக் காணியில் வீடு கட்டவே அனுமதி இல்லை என்றார்கள். காகிதத்தில் மட்டும் மனைகளாகப் பிரித்த நிலம். இங்கே ஆட்கள் அதைப் பேப்பர் சப்டிவிஷன் என்பார்கள்.

இது என் ஒருவன் பிரச்சினை இல்லை, இந்த மாநிலத்தில் இப்படி நிறைய உண்டு. போர்ட் ஸ்டீவன்ஸ் குடாப் பக்கம் நார்த் ஆர்ம் கோவ் என்ற இடத்தைத் தேடிப் பாருங்கள். கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின் 1918-இல் அங்கே பெரிய நகரத்துக்கே திட்டம் வரைந்து கொடுத்தார். அந்த நகரம் வரவே இல்லை, துண்டு போட்ட மனைகள் மட்டும் ஆயிரக்கணக்கில் மிஞ்சின, அவற்றில் பெரும்பாலானதில் இன்றைக்கும் வீடு கட்ட முடியாது. தெற்கே ஜெர்விஸ் பே பக்கம் ஹெரிட்டேஜ் எஸ்டேட்ஸ் இன்னொன்று. ஒரு நாள் அனுமதி வரும் என்று எத்தனையோ குடும்பங்கள் அங்கே காணி வாங்கி வைத்துக் காத்திருந்தன, 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் முடியாது என்று மறுத்துவிட்டார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். வீடு கட்ட முடியாவிட்டாலும் ரேட்ஸ் வரும். வருடா வருடம் எனக்கு நோட்டீஸ் வருகிறது, நான் கட்டுகிறேன். எனக்கு முன்னால் அந்தக் காணி ஒரு கிரேக்கப் பெயருள்ள மனுஷன் பேரில் இருந்தது. அவர் ஏன் ஐந்து வருடமாகக் கட்டாமல் விட்டார் என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது எனக்கு நல்லாகத் தெரியும், அவரும் என்னைப் போல ஒரு நாள் அந்த மரக்கட்டையைப் பார்த்திருப்பார். விற்கப் பார்த்தேன், ஆட்கள் கேட்கும் முதல் கேள்வியே வீடு கட்டலாமா என்பதுதான், பொய் சொல்லி விற்க மனம் வரவில்லை.

வெஸ்ட்மீட்வாசி:

அண்ணா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. நான் பார்த்த மனையின் மண்டலம் ஆர்யூ2 என்று போட்டிருக்கிறது. அதில் கட்டலாமா கூடாதா என்று ஏலத்துக்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது?

பத்திரம் பார்ப்பவள்:

கன்வேயன்சர் (வீடு, நிலம் கைமாறும் பத்திர வேலை பார்ப்பவர்) அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இது பொதுவான விவரம்தான், உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே ஒருவரிடம் காட்டுங்கள்.

ஆர்யூ2 என்றால் கிராமப்புற நிலம். அந்த மண்டலத்தில் வீடு கட்டக் குறைந்தபட்சப் பரப்பு என்று ஒன்று இருக்கும், பல இடங்களில் 40 ஹெக்டேர், சில இடங்களில் 100. உங்களுடையது 700 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் பதினான்கில் ஒரு பங்கு. பழைய மனைகளுக்கு விலக்கு இருக்கிற இடங்களும் உண்டு, அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள், கவுன்சிலின் பிளானிங் பிரிவில் லாட் நம்பரைச் சொல்லி "இந்த இடத்துக்கு டுவெல்லிங் என்டைட்டில்மென்ட் (வீடு கட்டும் உரிமை) இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ரேட்ஸ் பிரிவில் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. மாநில அரசின் பிளானிங் போர்ட்டலில் இலவச வரைபடம் இருக்கிறது, அங்கே முகவரி போட்டால் மண்டலம், குறைந்தபட்சப் பரப்பு, காட்டுத்தீ அபாயம் எல்லாம் தெரியும். ஏல ஒப்பந்தத்தோடு 10.7 சான்றிதழ் (அந்த நிலத்துக்கான பிளானிங் விதிகளைச் சொல்லும் கவுன்சில் சான்றிதழ்) ஒன்று இணைத்திருப்பார்கள். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் பக்கத்தோடு அதை மூடிவிடுகிறார்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள், வீடு கட்டக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கிறார்களா என்ற வரி உள்ளேதான் இருக்கும்.

மற்றபடி, ஏலத்தில் எடுத்தால் கூலிங் ஆஃப் (மனம் மாறினால் விலகிக்கொள்ளும் அவகாசம்) கிடையாது. சுத்தியல் விழுந்த உடனே கையெழுத்து, வழக்கமாகப் பத்து சதவீத டெபாசிட். நிலம் இருக்கிறபடியே விற்பார்கள், உள்ளே பழைய காரோ குப்பையோ ஆட்களோ இருந்தால் காலி செய்வது உங்கள் பொறுப்பு என்று பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ரோடும் தண்ணீரும் இல்லாத காலி மனைக்குப் பாங்க் கடன் கிடைப்பது கஷ்டம், கையில் முழுப் பணம் இல்லாமல் கை தூக்காதீர்கள், டெபாசிட் போய்விடும். தற்காலிக விசாவில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், அதோடு 2025 ஜனவரியிலிருந்து நியூ சவுத் வேல்ஸில் ஸ்டாம்ப் டியூட்டிக்கு மேல் இன்னொரு 9 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும்.

டூங்காபி அக்கா:

நிலம் வாங்குவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தம்பியின் மனைவி கேட்ட கேள்விக்காக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, கணவர் போய் ஏழு வருடம். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் கணவர் பேரில்தான் வரும். இறந்தவர் பேரில் வருவதைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்து அவர் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். இங்கிலீஷும் வராது. ஒரு நாள் பதிவுத் தபால் வந்து கையெழுத்துப் போடப் பயந்து என்னைக் கூப்பிட்டார். டின்னைத் திறந்தால் ஐந்து வருடத்து ரேட்ஸ் நோட்டீஸ், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, மேலே இருந்தது ஏலத்துக்கு முந்தைய எச்சரிக்கை. வட்டி வேறு ஏறியிருந்தது. (2024-25-இல் கவுன்சில்கள் 10.5 சதவீதம் வரை வட்டி போட முடிந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.) நானும் என் மகளும் கூடப் போய்க் கவுன்சிலில் பேசினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவு என்று பென்ஷனிலிருந்து கட்ட ஏற்பாடு ஆனது. பென்ஷன் அட்டை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 250 டாலர் வரை ரேட்ஸில் தள்ளுபடி உண்டு, அதுகூட அந்த அம்மா இத்தனை வருடம் வாங்கவில்லை. வீடு தப்பியது.

அதனால் உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தபால் பெட்டியைப் பாருங்கள். இங்கிலீஷ் வராதவர்கள் 131 450-க்கு ஃபோன் செய்து தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கவுன்சிலோடு பேசலாம். நீங்கள் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை தம்பி. ஆனால் போய்ப் பார்க்கும் இடத்தில் ஆள் குடியிருந்தால், ஒரு தடவை கதவைத் தட்டி, இந்த வீடு ஏலத்துக்கு வந்திருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.

வெஸ்ட்மீட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை கவுன்சிலின் பிளானிங் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். லாட் நம்பரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்தப் பெண், "வீடு கட்ட முடியாது, இந்த வாரத்தில் இதைக் கேட்கிற ஆறாவது ஆள் நீங்கள்" என்றார். மின்னஞ்சலும் வந்துவிட்டது. காணிக்காரன் அண்ணா சொல்லாமல் இருந்தால் நான் ஏலத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

அதே பட்டியலில் ஊருக்குள்ளேயே ஒரு பழைய ஃபைப்ரோ (சிமெண்ட் தகட்டுச் சுவர்) வீடு இருக்கிறது, ஆர்1 என்ற குடியிருப்பு மண்டலம், தண்ணீர், கரண்ட் எல்லாம் உண்டு. எங்கள் பணத்துக்கு எட்டுமா தெரியாது, ஆனாலும் சனிக்கிழமை நானும் மனைவியும் போய்ப் பார்க்கிறோம். யாராவது குடியிருந்தால் கதவைத் தட்டிச் சொல்கிறோம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மனைவி தானும் வருகிறேன் என்றாள்.

பழைய ரேட்ஸ் கிளார்க்:

கிளம்புவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமையே ரேட்ஸ் பிரிவுக்கு ஃபோன் செய்து அந்த லாட் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடு என்றால் ஃபைப்ரோவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், சுவரை எங்கேயும் சுரண்டிப் பார்க்காதீர்கள். யாராவது கதவைத் திறந்தால் தவணை ஏற்பாடு இன்னும் செய்யலாம் என்று சொல்லுங்கள், என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் எனக்குத் தனிமடலில் எழுதச் சொல்லுங்கள், நான் எழுதிக் கொடுக்கிறேன்.